அப்பாவின் பெர்மிட், சித்தப்பாவின் வேலி

திருகோணமலை நகரில் வாடகை வீட்டில் இருக்கும் 44 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், புல்மோட்டைக்கு அப்பால் இருக்கும் சின்ன வயல் கிராமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1970களின் கடைசியில் இவருடைய அப்பாவுக்கு அங்கே பெர்மிட்டில், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தில், மூன்று ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு வளவும் கிடைத்தன. 1984 டிசம்பரில் ஊரே எழும்பி முல்லைத்தீவுப் பக்கம் ஓடியபோது இவருக்கு மூன்று வயது. 1990இல் மன்னாரில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கடைசியில் ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் முகாம். தம்பி 1991இல் மண்டபத்தில் பிறந்தார். இவருக்கு முகாம் கோவிலில் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. மகள் 2006இலும் மகன் 2010இலும் பிறந்தார்கள். 2008இல் அப்பா முகாமிலேயே இறந்துபோனார். 2016இல் அம்மா, கணவர், பிள்ளைகளோடு அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் உதவியில் விமானத்தில் நாடு திரும்பினார். தம்பி இன்னும் முகாமில்தான் இருக்கிறார்.

ஊருக்குப் போய்ப் பார்த்தால், 2011இல் மீள்குடியேறிய சித்தப்பா வயலையும் வளவையும் சேர்த்து முள்ளுக்கம்பி அடித்து வைத்திருக்கிறார். வளவில் வீட்டுத்திட்ட வீடும் ஒன்று நிற்கிறது. "நீங்கள் இந்தியாக்காரர் ஆகிவிட்டீர்கள். நான் இங்கே இருந்து பத்து வருசம் தாண்டியாச்சு. சட்டப்படி காணி இப்ப எனக்குத்தான்" என்கிறாராம். ஆனாலும் இரத்த உறவு என்பதால் கால் ஏக்கர் வளவும் நாலு லட்சம் ரூபாயும் தருவாராம். சமாதான நீதவான் முன்னால் ஓர் உடன்படிக்கைக் கடதாசியில் அம்மாவும் இவரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். இந்த மாதக் கடைசி வரை தவணை.

இதற்கிடையில் மகளுக்கு 19 வயதாகியும் அடையாள அட்டை இல்லை. தம்பி வள்ளத்திலாவது வந்து சேர்கிறேன் என்கிறார். கையெழுத்து வைப்பதா, வேலியைப் பிரிப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பவும் இந்தியாவுக்கே போவதா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புத் தங்கச்சி,

முதலில் ஒரு விஷயம். அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். அம்மாவையும் வைக்க விடாதீர்கள். மாதக் கடைசி என்பது சித்தப்பா போட்ட தவணை, சட்டம் போட்டதல்ல. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

"எல்லைக் கிராமத்தில் பிறந்தவளுக்கு எந்த நாட்டிலும் இடமில்லையா" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நம் நாட்டுக்குத் தரையில் எல்லையே கிடையாது, சுற்றிவரக் கடல். ஆனாலும் எல்லைக் கிராமம் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உங்கள் ஊரோடு கிழக்கு மாகாணம் முடிகிறது, தாண்டினால் வடக்கு மாகாணம். 1988இல் இரண்டையும் இணைத்தார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2007 சனவரியிலிருந்து திரும்பவும் பிரித்தார்கள். கோடு அழிந்து, திரும்பக் கீறுப்பட்டது. இந்தக் குழப்பத்தில்தான் நீங்கள் முல்லைத்தீவுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, இரண்டு தடவை அலைந்திருக்கிறீர்கள். இனிப் போக வேண்டாம். இடம்பெயர்ந்து எங்கே பதிந்தீர்கள் என்பது வேறு, காணி எங்கே கிடக்கிறது என்பது வேறு. காணி திருகோணமலை மாவட்டத்தில் கிடக்கிறது. அதன் பதிவு குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும், அல்லது பழைய கோப்பாகத் திருகோணமலைக் கச்சேரியில் இருக்க வேண்டும்.

பத்து வருசக் கதை

"பத்து வருசம் இருந்தால் காணி சொந்தம்" என்பதை நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதில் பாதிதான் உண்மை. 1871இல் வந்த கட்டளைச் சட்டம் ஒன்று, ஒருவர் இன்னொருவருடைய தனியார் காணியை அவருடைய உரிமைக்கு எதிராக, இடைவிடாமல், யாருடைய தொந்தரவும் இல்லாமல் பத்து வருசம் ஆண்டால் உரிமை கோரலாம் என்கிறது. உறுதிக் காணிக்கு, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள தனியார் காணிக்குத்தான், அந்தப் பேச்சு. உறுதிக் காணியில்கூடக் கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள் ஒருவர் இருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதாகவே நீதிமன்றங்கள் நூறு வருசத்துக்கு மேலாகச் சொல்லி வருகின்றன.

உங்கள் அப்பாவுடையது உறுதிக் காணியே இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த பெர்மிட். அந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியில் ஆட்சி உரிமை பேச முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சித்தப்பா பத்து வருசம் இருந்தாலும் முப்பது வருசம் இருந்தாலும் அந்த வழியில் அது அவருக்குச் சொந்தமாகாது. போர்க்காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு 2016இல் வந்த சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றியது. சித்தப்பா காலடி வைத்ததே 2011இல் என்பதால் அதை நாம் தொட வேண்டியதில்லை.

அந்த உடன்படிக்கைக் கடதாசிக்கும் இதுதான் பதில். பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ, பிரிக்கவோ, கைமாற்றவோ முடியாது. மீறிச் செய்தால் அது செல்லாது. சமாதான நீதவான் உங்கள் கையெழுத்து உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தலாம், அவ்வளவுதான். செல்லாத கடதாசி என்றால் வைத்துவிட்டால்தான் என்ன என்று யோசிப்பீர்கள். உங்கள் கால் ஏக்கருக்கு அது செல்லாது. ஆனால் நாளைக்கு விசாரணையில் சித்தப்பா அதை எடுத்து நீட்டி, "இவர்களே காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள், பாருங்கள்" என்று சொல்ல அது நன்றாகவே உதவும். தம்பியிடம் அட்டோர்னி பவர் கேட்டிருக்கிறாராமே, அதுவும் வேண்டாம் என்று இன்றைக்கே தம்பிக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பக்கத்து ஓட்டை

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. பெர்மிட்காரர் இறந்தால் முதல் உரிமை மனைவிக்கு. தனக்குப் பிறகு இன்னார் என்று அவர் யாரையும் நியமித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மாதான் முதல் ஆள். ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அப்பா இறந்தது 2008இல். அம்மா அப்போது பவானிசாகரில், ஊரில் ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை, சண்டை உச்சத்தில். இதை விளங்கிய சட்டத்தரணி யாராவது சித்தப்பாவுக்குக் கிடைத்தால் பத்து வருசக் கதையை விட்டுவிட்டு இந்த ஆறு மாதத்தைத்தான் பிடிப்பார்.

அதற்கு வாதம் இருக்கிறது. சொந்த விருப்பத்தில் விட்டுப்போகவில்லை, ஊருக்குள் நுழையவே வழியிருக்கவில்லை, திரும்பியதும் போய்க் கேட்டோம் என்பதைப் பிரதேச செயலாளரின் விசாரணையில் எழுத்தில் வைக்க வேண்டும். முகாம் அட்டை, நாடு திரும்பியபோது தந்த கடிதம், 2016இல் கிராம சேவையாளரிடம் பதிந்த துண்டு, எல்லாம் இதற்குத்தான் தேவை. அம்மாவின் உரிமை தவறிப்போகிறது என்றே வைத்துக்கொண்டாலும் காணி சித்தப்பாவுக்குத் தாவாது. சட்டத்தின் அட்டவணை வரிசையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முன்னால் வருகிறார்கள். சகோதரர்கள் பெற்றோருக்கும் பின்னால்.

அந்தப் பழைய வரிசையில் மகன்மாருக்கு மகள்மாரைவிட முதலிடம். 2022இல் திருத்தம் கொண்டுவந்து அந்த ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்தார்கள். அப்பா இறந்தது அதற்கு முன்னால் என்பதால் எந்த வரிசை பொருந்தும் என்று வாக்குவாதம் வரலாம். ஆகவே தம்பி உங்களோடு ஒரே பக்கத்தில் நிற்பது முக்கியம். அண்ணன் தங்கை, அக்கா தம்பி இரண்டாகப் பிரிந்து நிற்கும் கோப்புகள்தான் அலுவலகங்களில் அதிகம் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே பெர்மிட் எடுத்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அப்போது பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவர், என்று யாரைப் போட்டார்? கல்யாணமாகாத இளைஞன் தன் தம்பியின் பெயரைப் போடுவது நடக்கக் கூடியதே. சட்டமும் அதை அனுமதிக்கிறது. அப்படிப் போட்டு, பிறகு மாற்றாமலும் விட்டிருந்தால், அம்மாவுக்குப் பிறகு சித்தப்பாவுக்கு உண்மையிலேயே ஓர் உரிமை இருக்கும். இல்லாவிட்டால் இல்லை. இதை அறியாமல் நீங்களும் சரி அவரும் சரி சண்டை பிடிப்பது இருட்டில் கம்பு சுற்றுவதுதான்.

ஹார்லிக்ஸ் போத்தல்

விடை லெட்ஜரில் இருக்கிறது. பெர்மிட் தொலைந்தாலும் பதிவேடு தொலையக் கூடாது. ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் அதில் இலக்கம், துண்டு எண், பரப்பு, நான்கு எல்லை, பின்னுரித்தாளர் எல்லாம் எழுதியிருப்பார்கள்.

அம்மா பெர்மிட்டைச் சுருட்டி ஹார்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, 1984இலிருந்து மூன்று இடம், ஒரு கடல், இரண்டு முகாம் என்று காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறா. வள்ளத்தில் மூடி வெடித்து உப்புத் தண்ணீர் போய்விட்டது, இலக்கத்தின் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை, அதனால் அலுவலகத்தில் "இதை வைத்துத் தேட முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். ஒரே ஒரு எண்ணில் குடும்பத்தின் காணி தொங்கிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இப்படிக் குடியேற்றமாகக் கொடுத்த காணிகளில் பெர்மிட்டைப் பெரும்பாலும் ஒரே நாளில், வரிசையாக எழுதுவார்கள். உங்கள் துண்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் வயல் வைத்திருந்தவர்களின் பெர்மிட்டைப் பார்த்தால் உங்கள் இலக்கம் எதற்கும் எதற்கும் நடுவில் விழுகிறது என்று தெரிந்துவிடும். பக்கத்து பெர்மிட்டுகளில் எல்லை எழுதும் இடத்தில் உங்கள் அப்பாவின் பெயரே இருக்கவும் கூடும். அவர்கள் ஊரில் இருக்கிறார்களா, நிலாவெளியில் இருக்கிறார்களா, கனடாவில் இருக்கிறார்களா என்பது வேறு கதை. அம்மாவுக்கு அந்தப் பெயர்கள் நினைவிருக்கும். வயல் செய்த பெண்ணுக்குப் பக்கத்து வரப்புக்காரரின் பெயர் மறக்காது.

அதோடு குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். அப்பாவின் முழுப் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, மூன்றிலும் எட்டிலும் முடியும் இரண்டு இலக்கங்கள். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் உரிய லெட்ஜர்ப் பதிவின் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அதைத்தான் இரண்டு வருசமாகப் பார்த்துவிட்டீர்கள்.

அதே கடிதத்தில் இன்னும் ஒன்றையும் கேளுங்கள். சித்தப்பாவுக்கு வீட்டுத்திட்டம் கொடுத்தபோது காணிக்கு என்ன ஆவணத்தை ஏற்றுக்கொண்டார்கள்? கடிதம் ஏதும் கொடுத்திருக்கிறார்களா, வருடாந்த அனுமதி ஏதும் எழுதியிருக்கிறார்களா? அப்பாவின் பெர்மிட்டை இரத்துச் செய்யாமல் இன்னொருவருக்கு எழுதுவது முறையல்ல. இரத்துச் செய்வதென்றாலும் அறிவித்தல் கொடுத்து, விசாரித்து, மேன்முறையீட்டுக்கு இடம் விட்டுத்தான் செய்யலாம். இடம்பெயர்ந்து போனதால் பெர்மிட் தானாகச் செத்துவிட்டது என்று யாரோ உங்களிடம் சொன்னது தவறு.

கமநல சேவை நிலையத்தில் வயல் சித்தப்பாவின் பெயரில் பதிந்திருக்கலாம். உரமானியம் எடுக்க எல்லோரும் செய்வதுதான். பார்த்துத் திடுக்கிட வேண்டாம். யார் விதைக்கிறார் என்பதற்கு அது சாட்சி, யாருடைய காணி என்பதற்கு அல்ல.

வயலின் கிழக்குப் பக்கத்தில் காட்டு எல்லைக் கல் இரண்டு நட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக அறிவித்துவிட்டுக் கல் நட்டார்களா, அல்லது கல் மட்டும்தானா என்பதைப் பொறுத்து வழி மாறும். லெட்ஜர் பிரதி கையில் வந்த பிறகு அதைப் பார்ப்போம். அதுவரை அந்தப் பக்கம் ஒரு செடியைக்கூட வெட்டாதீர்கள். காடு வெட்டினார் என்று வழக்கு வந்தால் பெர்மிட் கதையெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

வேலியைப் பிரித்தால்

கணவர் ஆட்களோடு போய் வேலியைப் பிரிக்கலாம் என்று நிற்கிறாராம். மறித்துவிடுங்கள். காணித் தகராறில் சமாதானக் குலைவு வரும் என்று பொலிஸ் நினைத்தால் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவானிடம் போவார்கள். அங்கே காணி யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். வழக்குப் போகும் நேரம் யார் இருந்தார், முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது வெளியேற்றினார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். பதினாலு வருசமாக இருப்பவர் சித்தப்பா. அந்தச் சுற்றில் அவர்தான் வெல்வார், கையில் ஒரு நீதிமன்றக் கட்டளையும் இருக்கும்.

சித்தப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கங்களுக்குள்ளேயே வேறொரு ஆளும் தெரிகிறார். 26 வருசம் காடாய்க் கிடந்த இடத்தை வெட்டித் துப்புரவாக்கி, யானைக்கு இரவிரவாய்ப் பந்தம் பிடித்து, குளம் உடைத்த வருசமும் விதைத்தவர். அவர் காணியை எடுத்தார் என்கிறீர்கள், அவர் காணியைக் காப்பாற்றினேன் என்கிறார். சட்டத்தில் அவருக்குக் காணி உரிமை இல்லாமல் போகலாம். ஆனால் வீடு கட்டியிருக்கிறார், அதை இடிக்கச் சொல்லி யாரும் எளிதில் கட்டளை போட மாட்டார்கள். வேறு காணி இல்லாத மீள்குடியேறியவர் என்ற வகையில் அரச காணிக்கு விண்ணப்பிக்க அவருக்கும் உரிமை இருக்கிறது. அம்மாவின் உரிமை பதிவான பிறகு, மத்தியஸ்த சபையிலோ பிரதேச செயலாளர் முன்னாலோ உட்கார்ந்து பேசி, அலுவலகச் சம்மதத்தோடு ஒரு ஒழுங்குக்கு வரலாம். வீடு நிற்கும் பகுதிக்கு அவருக்குத் தனியாக அனுமதி கேட்பதும் அதில் ஒன்று. பேசத்தான் வேண்டும், ஆனால் முதலில் லெட்ஜர், அப்புறம் பேச்சு.

பிள்ளைகள்

காணியைவிட எனக்கு அவசரமாகத் தெரிவது மகள். காணி ஓடிப்போகாது, வயது ஓடும்.

நீங்கள் இந்தியாவில் 26 வருசம் இருந்ததால் இலங்கைக் குடியுரிமை போகவில்லை. வேறொரு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக எடுத்தால்தான் போகும். அகதி அட்டை குடியுரிமை அல்ல. ஆதாரும் அல்ல, அது அங்கே வசித்ததற்கு அடையாளம் மட்டுமே. ஆதார் வைத்திருந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பயந்து பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ஒளிக்கத் தேவையில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் அங்கே பிறந்ததால் இந்தியர் ஆகிவிடவில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் யாரும் இல்லை. இலங்கையர்தான், ஆனால் பதிய வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருசத்துக்குள் பதியச் சொல்கிறது. தவறினால் காரணம் காட்டிப் பிந்தியும் பதியலாம். முகாமிலிருந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் பதிந்தார்கள்.

கல்யாணப் பதிவு இல்லாததால் தகப்பனின் குடியுரிமையைக் காட்ட முடியாது, பிள்ளைகளுக்கு வழியில்லை என்று யாரோ சொன்னாராம். 2003க்கு முன்னால் என்றால் அந்தப் பேச்சில் ஏதோ இருந்தது, அப்போது தகப்பன் வழி மட்டும்தான். 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையர் என்றாலும் போதும். உங்கள் இரண்டு பிள்ளைகளும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். உங்கள் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், அதில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பது, இவைதான் முக்கியம். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் இப்போதே சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி இங்கிலீசில் எழுதியிருப்பதுதான் இந்த விண்ணப்பங்களில் அதிகம் இடறும் கல். விண்ணப்பம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு. மகளுக்கு 21 முடிவதற்குள் முடித்துவிடுங்கள், அதைத் தாண்டினால் பாதை கடினம். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் அடையாள அட்டை. அது இல்லாமல் பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு ஒன்றும் நகராது.

தம்பி

வள்ளத்தில் வருவது மட்டும் வேண்டாம். 2022 நெருக்கடியில் இங்கிருந்தும் குடும்பங்கள் பிள்ளைகளோடு வள்ளம் ஏறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் போவதைப் போலவே இந்தப் பக்கம் வருவதும் குடிவரவுச் சட்டத்தில் குற்றம். நீதிமன்றத்தில் நின்றுகொண்டு காணி விசாரணைக்கு எப்படி வருவார்? சென்னையில் இருக்கும் இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, பயண ஆவணம் எடுத்து, நேர் வழியில் வரட்டும். 21 தாண்டியதால் பாதை கடினம் என்றாலும், 1991இல் பிறந்தவர் என்பதால் அவர் அப்பா வழியிலேயே பதியலாம். அதற்கு அப்பா அம்மாவின் பழைய கல்யாணப் பதிவு வேண்டும். அவர்கள் கல்யாணம் ஊரில் நடந்தது என்பதால் திருகோணமலையில் தேடினால் கிடைக்கக் கூடும்.

இந்தியாவில் 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தத்தில் தனக்கு இடம் கிடைக்கும் என்று தம்பி நம்புகிறாராம். அது பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து போனவர்களுக்கு. இலங்கை அதில் இல்லை. அங்கேயே இருந்துவிடுவதா வருவதா என்பது அவருடைய முடிவு. முகாமில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ஊர்தான் ஊராக இருக்கலாம், நாம் இழுக்க முடியாது. ஆனால் பெர்மிட் விஷயத்தில் அம்மாவுக்குச் சம்மதம் என்று ஒரு கடிதத்தைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவின் மரணச் சான்றிதழையும் அங்கேயே உறுதிப்படுத்தி எடுக்கட்டும். அது இல்லாமல் இங்கே யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் நிலையம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் செய்து தருவார்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள், விண்ணப்பதாரி அவதான்.

அந்தப் போத்தலில் இருந்து பெர்மிட்டை இனி வெளியே எடுத்து விரிக்காதீர்கள். மடிப்பில் ஏற்கெனவே கிழியத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். பின்பக்கத்தை மறக்க வேண்டாம், நியமனத்தை அங்கே எழுதும் வழக்கமும் இருந்தது. அப்புறம் அம்மாவிடம் தென்பக்கத்து வயல்காரரின் பெயரைக் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.